சரி என்று சொல்லிவிட்டுச் சும்மா இருந்த லேப்டாப்

செவ்வாய்க்கிழமை காலை பத்தேகாலுக்கு என் மனைவி எங்கள் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து உப்பிலியபுரம் வட்டார விவசாயிகளை அன்போடு அழைத்தாள். கத்தரியில் தண்டு துளைக்கும் புழு வந்திருப்பதாகவும், வாடிய நுனிகளைக் கிள்ளி அப்புறப்படுத்த வேண்டும் என்றும், மூச்சு விட வேண்டிய இடத்தில் மட்டும் மூச்சு விட்டு, நிதானமாக எடுத்துச் சொன்னாள். பிறகு லேப்டாப்பில் பதிவானதைப் போட்டுக் கேட்டோம். உப்பிலியபுரம் இருக்கட்டும், எங்கள் ஹாலுக்கே ஒன்றும் கேட்கவில்லை.

ஒரு வானொலி நிலையத்தில் பகுதிநேர அறிவிப்பாளர் வேலைக்கு ஆள் எடுத்தார்கள். பொன்மலை ரயில்வே குவார்ட்டர்ஸில் வளர்ந்த நாளிலிருந்து என் மனைவிக்கு இந்த ஆசை. காலனியில் பொங்கல் விளையாட்டுப் போட்டி என்றால் மைக் அவள் கையில்தான் இருக்குமாம். சாக்கு ஓட்டத்தைக்கூட நாட்டின் எதிர்காலம் அதில் அடங்கியிருப்பதுபோல் அறிவிப்பாளாம். கல்யாணமாகிச் சில வருடங்களில் ஒருமுறை விண்ணப்பித்தாள். குரல் தேர்வு நாளன்று மகளுக்குக் காய்ச்சல். நான் ஊரில்தான் இருந்தேன், விடுப்பில்கூட இருந்தேன். ஆனாலும் அவள் போகவில்லை. அது எப்படி அப்படி ஆயிற்று என்று இன்றுவரை எனக்கு விளக்கத் தெரியவில்லை. அவளுக்குத் தெரியும்.

இந்த வருடம் விட்டால் வயது வரம்பு தாண்டிவிடும். சனிக்கிழமை மாலை நான்கு மணிக்குத் தேர்வு, வீட்டிலிருந்தே. அழைப்புக் கடிதத்தில் நிபந்தனைகள் தெளிவாக இருந்தன: கம்ப்யூட்டர் வழியாக மட்டும் வர வேண்டும், செல்போன் கூடாது, காதில் எதையும் மாட்டிக்கொள்ளக் கூடாது. பக்கத்து அறையிலிருந்து யாராவது ரகசியமாகச் சொல்லிக்கொடுத்துவிடுவார்கள் என்று பயம்போலிருக்கிறது. எங்கள் வீட்டில் அப்படிச் சொல்லிக்கொடுக்கக்கூடிய ஒரே ஆள் நான். என்னிடமிருந்து அவள் எதையும் கேட்டுக்கொண்டதாகச் சரித்திரம் கிடையாது.

காதில் மாட்டக் கூடாது என்பதால்தான் சிக்கலே வெளியே வந்தது. எனக்குத் தொழில் மொழிபெயர்ப்பு. மிக்ஸி, தண்ணீர் மோட்டார், துணி துவைக்கும் இயந்திரம் ஆகியவற்றோடு வரும் கையேடுகளைத் தமிழாக்கம் செய்கிறேன். ‘இயந்திரம் ஓடும்போது கையை உள்ளே விடாதீர்கள்’ என்ற வாக்கியத்தைத் தமிழில் என்னைப்போல் எழுத ஆள் கிடையாது. அலுவலகக் கூட்டங்களுக்கு மூன்று வருடமாக யூ.எஸ்.பி.யில் செருகும் ஹெட்செட்தான். அதில் எல்லாம் கேட்டது. லேப்டாப்பின் சொந்த ஸ்பீக்கரையும் மைக்கையும் யாரும் சீந்தவில்லை. இப்போது ஹெட்செட்டைக் கழற்றினால், ஒலிக்கருவி என்று காட்ட வேண்டிய இடத்தில் ‘டம்மி’ என்று காட்டியது. நான் என்னைத்தான் சொல்கிறது என்று முதலில் நினைத்தேன்.

அந்த லேப்டாப்பில் லினக்ஸ் இருக்கிறது. போட்டது நான். கொள்கை காரணமாகப் போட்டேன். காசு கொடுத்து வாங்கிய பொருளுக்குள் என்ன நடக்கிறது என்று எனக்குத் தெரிய வேண்டும் என்பது கொள்கை. தெரிந்துகொண்டேனா என்பது வேறு விஷயம்.

குற்றவாளியை நான் செவ்வாய்க்கிழமையே கண்டுபிடித்துவிட்டேன். ஞாயிற்றுக்கிழமைதான் ஒரு பெரிய அப்டேட் வந்து, கெர்னலையே மாற்றிவிட்டுப் போயிருந்தது. கெர்னல் என்பது உள்ளே இருக்கும் மேஸ்திரி. ஸ்பீக்கரோடு பேச ஓர் ஆள், கேமராவோடு பேச ஓர் ஆள், வைஃபையோடு பேச ஓர் ஆள் என்று அவனிடம் ஆட்கள் உண்டு. அவர்களுக்கு மாட்யூல் என்று பெயர். தேவைப்படும்போது மேஸ்திரி கூப்பிடுவான், வருவார்கள். வேலைக்கு வந்தவர்களின் பட்டியலைப் பார்க்க ஒரு கட்டளை இருக்கிறது. பார்த்தேன். எல்லோரும் ஆஜர். ஒருபோதும் நான் தொடாத ப்ளூடூத்துக்குக்கூட நான்கு பேர் வந்து நின்றார்கள். ஸ்பீக்கர் ஆள் மட்டும் இல்லை.

“புது மேஸ்திரி வந்து அவனை வேலையை விட்டு நிறுத்திட்டான்” என்றேன்.

“யாரு?” என்றாள் மனைவி.

விளக்கினேன். நடுவிலேயே எழுந்துபோய்க் குக்கரை வைத்தாள்.

இணையத்தில் லினக்ஸ்காரர்கள் கூடிப் பேசும் இடம் ஒன்று உண்டு. அங்கே என் குறையை மிகுந்த பணிவோடு, பிழையில்லாத ஆங்கிலத்தில், எல்லா விவரங்களும் தந்து எழுதினேன். ஏதோ ஒரு நாட்டில் உட்கார்ந்திருக்கும் ஏதோ ஒரு மனிதர் பத்து நிமிடத்தில் பதில் போட்டார்: கையேட்டைப் படித்தீர்களா?

என்னைப் பார்த்து! இருபது வருடமாகக் கையேட்டிலேயே சோறு தின்கிறவனைப் பார்த்து! நான் எழுந்து ஹாலில் நடந்தேன். கையேடு என்பது மற்றவர்கள் படிப்பதற்காக எழுதப்படுவது. அதை எழுதுகிறவர்கள் யாரும் படிப்பதில்லை. என் வீட்டு வாஷிங் மெஷினின் கையேடு, என் தமிழிலேயே, இன்னும் பிளாஸ்டிக் உறை பிரிக்காமல் இருக்கிறது. இதை அவருக்கு எழுதவில்லை. நாகரிகம் கருதி, லேப்டாப்பை மூடிவிட்டேன்.

புதன்கிழமை அதைப் பையில் போட்டு, வண்டியில் மன்னார்புரம் வரை போனேன். அங்கே கம்ப்யூட்டர் பழுது பார்க்கும் கடை ஒன்று இருக்கிறது. கடைக்காரர் திறந்து பார்த்தார்.

“சார், இதுல என்ன போட்டிருக்கீங்க?”

“லினக்ஸ்.”

அவர் உள்பக்கம் திரும்பி, “அண்ணே, ஒரு லினக்ஸ் வந்திருக்கு” என்றார், ஆஸ்பத்திரியில் சொல்வதுபோல. யாரும் வெளியே வரவில்லை.

“எல்லாரும் வெச்சிருக்கிறதப் போட்டுத் தந்துடறேன் சார். ஒரு மணி நேரம். பாட்டு, படம், எல்லாம் கேக்கும்.”

“எனக்குப் பாட்டு கேக்க வேணாங்க. இது ஏன் பேசமாட்டேங்குதுன்னு தெரியணும்.”

“அது தெரிஞ்சு என்ன சார் பண்ணப் போறீங்க?”

உண்மையிலேயே தெரிந்துகொள்ள விரும்பிக் கேட்டார். அதுதான் தாங்கவில்லை. காவிரிப் பாலத்தில் திரும்பி வரும்போது என்னென்னவோ பதில்கள் தோன்றின, ஒவ்வொன்றும் பிரமாதம். ஹெல்மெட்டுக்குள் சொல்லிக்கொண்டே வந்தேன். பக்கத்தில் வந்த பஸ்ஸிலிருந்து ஒரு அம்மாள் என்னையே பார்த்துக்கொண்டு வந்தார்.

“ஒரு மணி நேரத்துல முடியும்னா விட்டுட்டு வர வேண்டியதுதானே?” என்றாள் மனைவி.

“அது தோல்வி.”

“யாருக்கு?”

இந்த மாதிரிக் கேள்விகளைத் தேர்வுக்குத் தயாராகிறவர்கள் கேட்கக் கூடாது.

வியாழக்கிழமை நான் என் சொந்தக் கெர்னலைக் கட்டினேன். இதைப் படிக்கிறவர்கள் தயவுசெய்து கட்ட வேண்டாம். அதன் மூல நிரல் முழுவதையும் இறக்கிக்கொண்டால், ஒரு நீண்ட பட்டியல் திறக்கிறது. உலகத்தில் இதுவரை யாராவது செய்த ஒவ்வொரு கருவிக்கும் அதில் ஒரு வரி. ஒவ்வொரு வரிக்கும் மூன்று பதில்கள்: கெர்னலோடு சேர்த்துக் கட்டு; மாட்யூலாக வெளியே நிறுத்தி வை, கூப்பிட்டால் வரட்டும்; வேண்டவே வேண்டாம். ஒலிக்கென்று ஒரு பிரிவு. அதைத் திறந்தால் இன்னும் பத்துப் பிரிவுகள். கம்பெனி மூடி, முதலாளிகள் பேரன் எடுத்துப் பல காலம் ஆகியிருக்கக்கூடிய சவுண்ட் கார்டுகளெல்லாம் உரிய மரியாதையோடு அங்கே வரிசையில் நிற்கின்றன. என்னுடையதைத் தேடிப் பிடித்தேன். சேர்த்துக் கட்டுவதா, வெளியே நிறுத்துவதா? கூப்பிட்டால் வருவதுதான் கௌரவம் என்று பட்டது. வெளியே நிறுத்தினேன். இந்த முடிவைப் பற்றிப் பிறகு வருந்தினேன்.

காலை ஒன்பதரைக்குக் கட்ட ஆரம்பித்த இயந்திரம் பிற்பகல் மூன்று வரை கட்டியது. உள்ளிருக்கும் விசிறி, அம்மா மண்டபம் சாலையில் பஸ் மேடேறுவதுபோல் இரைந்தது. அடிப்பாகத்தில் தோசை வார்க்கலாம். அவ்வளவு நேரமும் என் மனைவிக்குப் பயிற்சி செய்ய இயந்திரம் இல்லை. கண்ணாடிக்கு முன்னால் நின்று கத்தரிப் புழுவைச் சொல்லிப் பார்த்தாள்.

புதுக் கெர்னல் எழுந்தது. திரை வந்தது, வைஃபை வந்தது. ஒலி வரவில்லை.

அப்போது நான் கடைசி ஆயுதத்தை எடுத்தேன். மோட்ப்ரோப் என்று ஒரு கட்டளை. இன்ன மாட்யூலை எழுப்பிக்கொண்டு வா என்றால் போய் எழுப்பிவரும். கொடுத்தேன். ஒரு வார்த்தை பேசாமல் திரும்பி வந்து, அடுத்து என்ன என்பதுபோல் நின்றது.

லினக்ஸில் ஒரு வழக்கம் உண்டு. வேலை கெட்டுப்போனால் புலம்பும். நல்லபடி முடிந்தால் பேசாது. மௌனம் என்றால் ஆயிற்று என்று அர்த்தம். ஆகவே ஆயிற்று. பட்டியலைப் பார்த்தேன். ஆள் இல்லை. மறுபடி அனுப்பினேன். மறுபடி மௌனம். மறுபடி ஆள் இல்லை. வெள்ளிக்கிழமை காலை முழுவதும் இதைச் செய்தேன். கூப்பிட்டாயா? ஆயிற்று. எங்கே? தெரியாது. கூப்பிட்டாயா? ஆயிற்று. அரசாங்க அலுவலகங்களில் இப்படி நடக்கலாம், அங்கே மனிதர்கள் வேலை பார்க்கிறார்கள். ஒரு இயந்திரம், அதிலும் எல்லாமே வெளிப்படை என்று மார்தட்டிக்கொள்கிற ஒரு இயந்திரம், என் முகத்தைப் பார்த்துப் பொய் சொன்னது. இதைச் செய்தவர்கள் யார், எந்த நாட்டில் இருக்கிறார்கள், அவர்களுக்கு வீட்டில் பெண்டாட்டி பிள்ளைகள் இருக்கிறார்களா என்றெல்லாம் சத்தமாகக் கேட்டேன்.

“எதிர் ஃபிளாட்ல ஒரு லேப்டாப் இருக்கு. கேட்டா தருவாங்க” என்றாள் மனைவி.

“இரவலா? இந்த வீட்டுலேருந்தா?”

“போன வாரம் அவங்க வீட்டு ஏணிய வாங்கிட்டு வந்தீங்களே.”

“ஏணி வேற.”

அவள் கையிலிருந்த தாளை மடித்து மேசையில் வைத்தாள். உப்பிலியபுரம் விவசாயிகளுக்கான தாள்; நான்கு நாளாக மடித்து மடித்து ஓரம் கிழிந்திருந்தது.

“போன தடவை காய்ச்சல்” என்றாள். “இந்தத் தடவை கெர்னல்.”

பிறகு உள்ளே போய்த் தன் அண்ணனுக்குப் போன் செய்தாள்.

அவர் பொன்மலைப் பணிமனையில் எலெக்ட்ரிகல் பிரிவில் இருக்கிறார், ஓய்வுக்கு இன்னும் இரண்டு வருடம். சனிக்கிழமை பன்னிரண்டரை மணிக்கு, ஷிஃப்ட் முடித்த கையோடு, தன் மகளின் லேப்டாப்பைத் தோளில் மாட்டிக்கொண்டு ஸ்ரீரங்கம் வந்து சேர்ந்தார்.

“என்ன மாப்ள, பேச்சு மூச்சு இல்லையாமே?”

“லேப்டாப்புங்க மச்சான்.”

“அதத்தான் கேட்டேன்.”

மகளின் லேப்டாப்பை மேசையில் வைத்து இயக்கினார். பேசினார், கேட்டது. அவ்வளவுதான்; முடிந்தது. அந்த இயந்திரம் தனக்குள் என்ன செய்கிறது என்று ஈ காக்காய்க்குக்கூடச் சொல்லாது, ஆனால் பேசும். மோர்க்குழம்பு சாப்பிட்டுவிட்டு அவர் என் இயந்திரத்தின் பக்கம் நாற்காலியை இழுத்துப் போட்டார்.

“கரண்ட் வருதா?”

“வருது.”

“சாமான் நல்லா இருக்கா?”

“சவுண்ட் கார்டு இருக்குன்னு தெளிவாக் காட்டுது.”

“போட்டா ஓடல.”

“ஓடலன்னா பரவால்ல மச்சான். ஓடிருச்சுன்னு சொல்லுது!”

“அப்ப யாரோ போர்டு மாட்டியிருக்காங்க” என்றார், வெற்றிலைக் காம்பைக் கிள்ளுவதுபோல் சாதாரணமாக.

அவர்கள் பணிமனையில் ஒரு இயந்திரத்தில் வேலை நடந்தால், அதன் சுவிட்சில் சிவப்புப் போர்டு தொங்கும்: ஆள் வேலை செய்கிறார், போடாதே. போர்டில் மாட்டினவர் பெயர், தேதி, காரணம் மூன்றும் இருக்க வேண்டும். மாட்டினவர்தான் எடுக்க வேண்டும். ஜெனரல் மேனேஜரே வந்தாலும் மற்றவர் போர்டைத் தொட முடியாது. தொட்டால் உள்ளே யாருடைய கையோ இருக்கும்.

“எங்க ஷாப்ல ஒரு தடவ கிரேன் ஓடலன்னு மூணு நாள் பிரிச்சுப் போட்டுட்டோம் மாப்ள. கடைசில பாத்தா தூணுக்குப் பின்னாடி ஒரு போர்டு. மாட்டினவரு லீவு போட்டுட்டுத் திருப்பதி போயிட்டாரு.”

“மச்சான், இது உங்க ஷாப் இல்ல” என்றேன். நான்கு நாள் கோபம் முழுவதும் அந்த நல்ல மனிதர் மேல் இறங்கியது. “இதுல போர்டெல்லாம் மாட்ட முடியாது. இது கெர்னல். உலகத்துல ஆயிரக்கணக்கான பேர் சேந்து எழுதினது. இன்ன மாட்யூலை எழுப்பாதேன்னு யாராவது சொல்லணும்னா, அதுக்குன்னு ஒரு ஃபோல்டர் இருக்கு, அதுல போய் ஒரு ஃபைல் எழுதி...”

அங்கே நிறுத்திக்கொண்டேன்.

“எழுதி?” என்றாள் மனைவி.

ஃபோல்டரைத் திறந்தேன். கணினியோடு வந்த ஃபைல்கள் ஏழெட்டு இருந்தன. கடைசியில் ஒன்று, மூன்று வருடத்துக்கு முந்தையது. இரண்டே வரிகள். இரண்டாவது வரி ஆணை: இந்த மாட்யூலை எழுப்பும்படி யார் கேட்டாலும் எழுப்பாதே, அதற்குப் பதிலாக, எதுவும் செய்யாமல் ஆயிற்று என்று மட்டும் சொல்லிவிடு.

“எவனோ வேலை தெரியாதவன் எழுதியிருக்கான்” என்றேன். “அப்டேட்ல வந்திருக்கும்.”

“மேல என்ன எழுதியிருக்கு?”

முதல் வரி குறிப்பு. ‘எச்சரிக்கை: இது இனி வாயைத் திறக்கக் கூடாது.’

“தமிழ்ல இருக்கு” என்றார் மச்சான்.

“எச்சரிக்கைன்னு போட்டு, பக்கத்துல ரெண்டு புள்ளி வெச்சு” என்றாள் மனைவி. “நம்ம மிக்ஸி புஸ்தகத்துல இருக்கிற மாதிரியே இருக்கு.”

நினைவு வந்துவிட்டது. மூன்று வருடம் முன்பு, ஒரு முக்கியமான கூட்டத்தில், ஹெட்செட் மாட்டியிருந்தும் என் குரல் லேப்டாப்பின் சொந்த மைக் வழியாகவே போனது. சமையலறைக் குக்கரின் விசில் ஐந்து ஊர்களுக்குக் கேட்டது. கூட்டம் முடிந்ததும், ஒலி எந்த வழியில் போக வேண்டும் என்று முறையாக ஏற்பாடு செய்யப் பொறுமை இல்லாமல், ஆத்திரத்தில் அந்த வாயையே தைத்துவிட்டேன். வேலை முடிந்தது. மறந்தேன். வியாழக்கிழமை அந்த மாட்யூலைக் கெர்னலோடு சேர்த்துக் கட்டியிருந்தால் இந்த ஆணை அதைத் தொட்டிருக்காது. ஒலி வந்திருக்கும், பழி அப்டேட்டோடு போயிருக்கும், நானும் மானத்தோடு இருந்திருப்பேன்.

“பேரு இல்ல, தேதி இல்ல, காரணம் இல்ல” என்றார் மச்சான் வருத்தத்தோடு. “எங்க ஷாப்பா இருந்தா மெமோதான் மாப்ள.”

“சரின்னு சொல்லிட்டுச் சும்மா இருன்னு அதுக்கும் சொல்லிக் குடுத்திருக்கீங்க” என்றாள் மனைவி. அந்த ‘அதுக்கும்’ என்பதை அவள் அழுத்திய அழுத்தம் இருக்கிறதே, எந்த வானொலியும் உடனே வேலை கொடுத்துவிடும்.

மச்சான் ஃபைலைத் தொடவில்லை. “மாட்டினவங்கதான் எடுக்கணும்” என்று நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளினார். எடுத்தேன். இயந்திரத்தை மறுபடி எழுப்பினேன். ஒலியைச் சோதிக்கும் கட்டளையைக் கொடுத்தேன். நான்கு நாள் கழித்து எங்கள் வீட்டில் முதன்முதலாக ஒரு அந்நிய நாட்டுப் பெண்மணி, ‘முன்பக்கம், இடது’ என்று ஆங்கிலத்தில் அறிவித்தார்.

“மூச்சு சரியா விடறாங்க” என்றாள் மனைவி. பாராட்டு அந்த அம்மாளுக்கு.

ஒலி வந்துவிட்டபடியால் தேர்வுக்கு என் இயந்திரத்தின் முன்தான் உட்காருவாள் என்று நான் நினைத்தது இயல்பு. அவள் அண்ணன் மகளின் லேப்டாப்பின் முன் உட்கார்ந்தாள். “இத நம்பலாம்” என்று மட்டும் சொன்னாள். நான் வாதிடவில்லை. வாதிடும் தகுதியில் இல்லை. மூன்றே முக்காலுக்கு அவள் தாளைப் பிரித்து வைத்துக்கொண்டபோது அந்த நம்பகமான இயந்திரத்தின் திரை நீலமாயிற்று. புதுப்பித்தல் நடக்கிறது, அணைக்காதீர்கள் என்றது. ஒரு சதவீதம். மூன்று ஐம்பதுக்கு ஆறு சதவீதம்.

சத்தியமாக நான் சிரிக்கவில்லை. அவள் முகத்தைப் பார்த்தவன் யாரும் சிரித்திருக்க முடியாது. தாளை எடுத்துக்கொண்டு மேசையின் இந்தப் பக்கம் வந்து என் லேப்டாப்பின் முன் உட்கார்ந்தாள். மைக்கின் அளவு கீழே கிடந்தது, ஏற்றினேன்.

மச்சான் பழைய காலண்டர் அட்டையின் பின்புறம் சிவப்பு ஸ்கெட்ச் பேனாவால் எழுதினார்: ஆள் வேலை செய்கிறார். கீழே பெயர், தேதி, காரணம். அதை ஹால் கதவில் மாட்டிவிட்டு இருவரும் மாடிப்படியில் போய் நின்றோம். காய்கறி வண்டி ஸ்பீக்கரோடு தெருமுனை திரும்பியது. மச்சான் மூன்று மாடி இறங்கிப் போய், இருக்கிற முருங்கைக்காயை எல்லாம் வாங்கி அந்த ஸ்பீக்கரை நிறுத்திவைத்தார்.

நான்கு இருபதுக்கு அவள் கதவைத் திறந்தாள்.

“குரல் ரொம்பத் தெளிவா வருதுன்னு சொன்னாங்க” என்றாள். நான் நெஞ்சை நிமிர்த்தினேன். “அண்ணே, நீங்க வரலன்னா இன்னிக்கு அவ்வளவுதான்” என்று முடித்தாள்.

ஐந்தரை மணி நேரம் கெர்னல் கட்டியவன் நான். அதைப் பற்றி, அவள் தேர்வாகிவிட்டதாக மூன்று வாரம் கழித்து வந்த கடிதத்திலும் ஒரு வார்த்தை இல்லை.

இப்போது வாரத்தில் இரண்டு நாள் நிலையத்துக்குப் போகிறாள். போன செவ்வாய்க்கிழமை காலை, லேப்டாப்பின் சொந்த ஸ்பீக்கரில், உப்பிலியபுரம் வட்டார விவசாயிகளை அன்போடு அழைத்தாள். கத்தரி இல்லை, இந்த முறை சின்ன வெங்காயம். நடுவில் அலுவலகக் கூட்டம் என்று அழைப்பு வந்தது. ஹெட்செட்டை மாட்டினேன், ஒலி அதற்குப் போகாமல் ஸ்பீக்கரிலேயே நின்றது. ஆத்திரத்தில், அந்த வாயை மறுபடி தைத்துவிட, அந்த ஃபோல்டரைத் திறந்துவிட்டேன். பெயர், தேதி, காரணம் வரை எழுதியாயிற்று. காரணத்தைப் படித்துப் பார்த்தேன். சேமிக்காமல் மூடிவிட்டு, வெங்காயம் முடிகிறவரை கூட்டத்தைக் காக்கவைத்தேன்.